கோஆக்சியல் ஈதர்நெட்டில் பழைய டாஸ் கணினியை இன்றைய லேப்டாப்போடு இணைப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய 386 அல்லது 486 ஒன்றைத் தூசி தட்டி ஓட வைத்துவிட்டீர்கள். பின்பக்கம் நெட்வொர்க் கார்டும் இருக்கிறது. ஆனால் நமக்குப் பழக்கமான ஆர்ஜே-45 துளை இல்லை; உருண்டையாக, திருகிப் பூட்டுகிற பிஎன்சி முனை ஒன்றுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. இது 10பேஸ்2 எனப்படும் மெல்லிய கோஆக்சியல் ஈதர்நெட். இதை லேப்டாப்போடு பேசவைத்து, இரு பக்கமும் கோப்புகள் போய்வரச் செய்வதுதான் இங்கே வேலை.

கார்டில் பிஎன்சியோடு ஆர்ஜே-45-உம் இருந்து, உங்களிடம் ஒரே ஒரு பழைய கணினிதான் என்றால் மெனக்கெடாதீர்கள். 2, 3 பகுதிகளை விட்டுவிட்டு ஆர்ஜே-45-ஐயே பயன்படுத்துங்கள். பிஎன்சி மட்டும் இருப்பவர்களும், இரண்டு மூன்று கணினிகளை ஒரே கேபிளில் கோக்க நினைப்பவர்களும் முழுதும் படிக்கலாம்.

வரிசை முக்கியம்: கேபிள், கார்டு, டிரைவர், ஐபி முகவரி, கடைசியில் கோப்பு. நான் பார்த்தவரை மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாரும் கோப்பு போகவில்லையே என்று எஃப்டிபி (கோப்பு அனுப்பும்) நிரலை நோண்டிக்கொண்டிருப்பார்கள். பிழை இரண்டு மீட்டர் வயரில் இருக்கும்.

1. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

ஆர்ஜி-58 கேபிள், கணினிக்கு ஒன்றாகவும் ஹப்புக்கு ஒன்றாகவும் டீ கனெக்டர்கள் (T வடிவ மூவழி இணைப்பி), 50 ஓம் டெர்மினேட்டர் (கேபிளின் முனையை மூடும் ரெசிஸ்டர் வைத்த மூடி) இரண்டு, பிஎன்சி துளை உள்ள 10 மெகாபிட் ஹப் ஒன்று, சாதாரண 10/100 ஸ்விட்ச் ஒன்று, மல்டிமீட்டர், யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ், எழுதக்கூடிய நிலையில் இரண்டு ஃபிளாப்பிகள்.

இதில் கிடைக்கச் சிரமமானது ஹப்தான். எட்டு ஆர்ஜே-45 துளைகளோடு ஓரத்தில் ஒரு பிஎன்சி வைத்த ஹப்புகள் ஒருகாலத்தில் எல்லா அலுவலகங்களிலும் இருந்தன. பழைய இரும்புக் கடையிலோ கல்லூரி ஆய்வகத்தின் மூலையிலோ இன்னும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பிஎன்சி, ஆர்ஜே-45 இரண்டும் உள்ள மீடியா கன்வெர்ட்டர் போதும். அதுவும் இல்லையென்றால், பிஎன்சி கொண்ட பிசிஐ கார்டு ஒன்றையும் சாதாரண கார்டு ஒன்றையும் ஒரு பழைய பென்டியத்தில் செருகி, லினக்ஸில் இரண்டையும் பிரிட்ஜ் ஆக்கலாம். வேலை கூடுதல், ஆனால் ஓடும்.

மல்டிமீட்டரைத் தவிர்க்கவே முடியாது. பிஎன்சி பக்கத்தில் "லிங்க்" விளக்கு என்ற ஒன்று கிடையாது. ஆர்ஜே-45-இல் கேபிளைச் செருகியதும் பச்சை எரியும். இங்கே கேபிள் அறுந்திருந்தாலும் கார்டு ஊமையாகத்தான் இருக்கும். அளந்தால்தான் தெரியும்.

2. கேபிளும் டெர்மினேட்டரும்

இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள். ரிச்சி தெருவில் போய் "பிஎன்சி வயர்" என்று மட்டும் கேட்டால் சிசிடிவி வயரையோ கேபிள் டிவி வயரையோ எடுத்து நீட்டிவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அது 75 ஓம் வகை. ஈதர்நெட்டுக்கு வேண்டியது 50 ஓம். தடை பொருந்தாத இடத்தில் சமிக்ஞை மோதித் திரும்பி வரும். அந்த எதிரொலி அடுத்த பாக்கெட்டைக் கெடுக்கும். வயர்லெஸ் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் கேபிள் விற்கிற கடையில் "ஆர்ஜி-58" என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உறையின் மேலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். ஆர்ஜி-58 சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன். ஆர்ஜி-59 சுமார் 6. சிசிடிவிக்கான பிஎன்சி முனைகள் அந்த 6-க்குத்தான் அளவெடுத்தவை. ஆர்ஜி-58-இல் மாட்டினால் தளதளவென்று ஆடும், ஒரு மாதத்தில் கழன்றுவிடும்.

டெர்மினேட்டரும் அப்படித்தான். சிசிடிவிக் கடையில் கிடைப்பது 75 ஓம். 50 ஓம் கிடைக்கவில்லையா, நீங்களே செய்துகொள்ளுங்கள்: 100 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கஇணைப்பாக வைத்து, பிஎன்சி பிளக் ஒன்றுக்குள் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே பற்றவையுங்கள். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம். அது சுருளாகவும் வேலை செய்து அலையைக் கெடுக்கும்.

கேபிள் ஒரே நேர்கோடு. ஒரு முனையில் டெர்மினேட்டர், வழியில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு டீ, மறுமுனையில் டெர்மினேட்டர். வட்டமாகச் சுற்றி இணைக்கக் கூடாது, கிளை பிரிக்கவும் கூடாது. முக்கியமாக, டீ நேரடியாகக் கார்டின் மேல் உட்கார வேண்டும். கணினி தூரத்தில் இருக்கிறது என்று டீக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் வயர் விடுகிறவர்கள் உண்டு. அந்தத் துண்டு ஒரு கிளை. அதன் முனையிலிருந்தும் எதிரொலி வரும்.

கணக்குப்படி ஒரு கேபிள் வரிசை 185 மீட்டர் வரை போகலாம், 30 இணைப்புகள் வரை தாங்கும். வீட்டில் அந்தக் கவலை இல்லை. குறைந்தபட்ச இடைவெளியைத்தான் மறந்துவிடுவார்கள்: இரண்டு டீக்களுக்கு நடுவே அரை மீட்டராவது இருக்க வேண்டும். மேசையில் ஒட்டி ஒட்டி வைத்த கணினிகள் என்றாலும் கேபிளைச் சுருட்டி விட்டுக்கொள்ளுங்கள்.

3. கோத்து முடித்ததும் அளப்பது

எல்லாக் கணினிகளையும் ஹப்பையும் அணைத்துவிடுங்கள். ஏதாவது ஒரு டீயைக் கார்டிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். இரண்டு 50 ஓம் பக்கஇணைப்பாக இருப்பதால் 25 வர வேண்டும். கேபிளின் தடையும் சேர்ந்து ஒன்றிரண்டு கூடலாம்.

வேறு எண் வந்தால் அந்த எண்ணே பிழையைச் சொல்லிவிடும். 50 வந்தால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது வழியில் எங்கோ நடுக்கம்பி அறுந்திருக்கிறது. 37 வந்தால் இரண்டுமே சிசிடிவி டெர்மினேட்டர். 30 வந்தால் ஒன்று சரி, ஒன்று 75. 17 பக்கம் வந்தால் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. சில ஹப்புகளில் பிஎன்சிக்குப் பக்கத்தில் உள்ளேயே டெர்மினேட்டர் சுவிட்ச் இருக்கும், அதைப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் எங்கோ வெளிப்பின்னலின் ஓர் இழை நடு ஊசியைத் தொடுகிறது. மீட்டரை வைத்துக்கொண்டே ஒவ்வொரு முனையாக லேசாக ஆட்டிப் பாருங்கள், எண் துள்ளினால் அந்த முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

மின்சாரம் பற்றியும் இங்கேயே சொல்லவேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் கணினியை ஓட்டினால், பவர் சப்ளையின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகப் பெட்டியின் உலோகத்தில் மின்னழுத்தம் ஏறி நிற்கும். தொட்டால் சுரீரென்று இருக்கும். அப்படி இருக்கிற இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வெறுங்கையால் பிஎன்சியைப் பிடிப்பது நல்லதல்ல, கார்டுக்கும் ஆகாது. எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். கேபிளின் வெளிப்பின்னலை எர்த் செய்வதாக இருந்தால் ஒரே ஓர் இடத்தில் மட்டும். இரண்டு இடத்தில் செய்தால் இரு எர்த்துகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் கேபிள் வழியாக ஓடும். டீயின் உலோகம் பெட்டியைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. லேப்டாப் பக்கம்

இணைப்பு வரிசை இது: பழைய கணினி, கோஆக்சியல், ஹப், 10/100 ஸ்விட்ச், லேப்டாப். ஹப்பிலிருந்து நேராக லேப்டாப்புக்குப் போகலாமே என்று கேட்பார்கள். போகலாம், பல நேரம் வேலையும் செய்யும். ஆனால் புதிய வேகத் துளைகளில் சில 10 மெகாபிட்டையே கைவிட்டுவிட்டன. நடுவில் மலிவான ஸ்விட்ச் ஒன்று இருந்தால் ஒருபக்கம் 10, மறுபக்கம் 100 என்று அதுவே சமாளித்துக்கொள்ளும். நேர் கேபிளா குறுக்குக் கேபிளா, ஹப்பின் அப்லிங்க் பொத்தானை அழுத்தவா வேண்டாமா என்ற குழப்பமும், தானாக மாற்றிக்கொள்கிற ஸ்விட்ச் என்றால், போய்விடும்.

வேகத்தைக் கையால் அமைக்காதீர்கள். ஹப் எப்போதும் அரை டூப்ளெக்ஸ்தான்: ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசலாம். லேப்டாப்பில் "10 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ்" என்று அடித்து வைத்தால் இரு பக்கமும் வேறு வேறு விதியில் பேசும். பிங் (மறுபக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும், பெரிய கோப்பு மட்டும் நத்தை வேகத்தில் நகரும். தானியங்கியாகவே விட்டுவிடுங்கள்.

கேபிள் வரிசையின் கடைசியில் ஹப் இருந்தால் அங்கேயும் டீயும் டெர்மினேட்டரும் வேண்டும். நேராகச் செருகிவிடக் கூடாது. ஹப்பை ஓடவிட்டு மோதல் விளக்கைக் (இருவர் ஒரே நேரத்தில் பேசினால் எரிவது) கவனியுங்கள். அது விடாமல் எரிந்தால், அல்லது பார்ட்டிஷன் விளக்கு வந்துவிட்டால், கேபிள் இன்னும் சரியில்லை. தொடர்ந்து முப்பதுக்கு மேல் மோதல் வந்தால் ஹப் அந்தத் துளையைத் தானே ஒதுக்கி வைத்துவிடும். மூன்றாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

5. முதல் கோப்புகளை உள்ளே கொண்டுபோவது

நெட்வொர்க் வர மென்பொருள் வேண்டும். மென்பொருள் வர நெட்வொர்க் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது ஃபிளாப்பி. யுஎஸ்பி டிரைவில் 1.44 மெகாபைட் ஃபிளாப்பியை ஃபார்மட் செய்து மூன்றை ஏற்றுங்கள்: கார்டின் அமைப்பு நிரல், கார்டுக்கான பாக்கெட் டிரைவர் (டாஸ் நிரல்கள் கார்டோடு பேச உதவும் சிறு நிரல்), மைக்கேல் பிரட்மன் எழுதிய எம்டிசிபி என்ற டாஸுக்கான நெட்வொர்க் நிரல்களின் தொகுப்பு. எம்டிசிபி இலவசம், 8088 வரை இறங்கி ஓடும். எல்லாம் சேர்த்து இரண்டு ஃபிளாப்பியைத் தாண்டாது.

பழைய கணினியில் 5.25 அங்குல டிரைவ் மட்டும்தான் என்றால் யுஎஸ்பி டிரைவ் உதவாது. ஐடிஇ வட்டு உள்ள கணினியானால் வட்டுக்குப் பதிலாக ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் அடாப்டரைப் போடுவது எளிது. இல்லையென்றால் சீரியல் கேபிள்.

பெட்டியைத் திறக்கும்போதே மதர்போர்டில் உருளையான நீலநிற பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கசிந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

6. கார்டின் அமைப்பு

டாஸைச் சுத்தமாக, நினைவக மேலாளர் எதுவும் ஏறாமல் கிளப்புங்கள். கார்டு நிரல் வன்பொருளை நேரடியாகத் தொடும். நடுவில் வேறு யாரும் இருக்கக் கூடாது. என்இ2000 வகைக் கார்டையே எடுத்துக்கொள்கிறேன், நம் பக்கம் அதிகம் புழங்கியவை அதன் நகல்கள்தான்.

அமைக்க வேண்டியவை மூன்று. முதலாவது உள்ளீட்டு முகவரி: ஹெக்ஸ் 300 வழக்கமானது, பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

இரண்டாவது ஐஆர்க்யூ: கார்டு செயலியைத் தட்டி எழுப்பும் கம்பியின் எண். தொழிற்சாலை அமைப்பு 3. ஆனால் இரண்டாவது சீரியல் துளையும் 3-ஐத்தான் பிடித்திருக்கும். முதல் சீரியலுக்கு 4, பிரிண்டருக்கு 7, சவுண்ட் கார்டுக்குப் பெரும்பாலும் 5. ஆகவே 16-பிட் கார்டுக்கு 10 கொடுங்கள். 8-பிட் கார்டுக்கு 10 எட்டாது, அந்தக் கம்பி ஸ்லாட்டின் நீட்சிப் பகுதியில்தான் இருக்கிறது. அதற்கு 3-ஐயே கொடுத்து இரண்டாவது சீரியல் துளையை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எந்த முனை என்பது. பிஎன்சியா, ஏயூஐயா (இன்னொரு பழைய வகை ஈதர்நெட் துளை), ஆர்ஜே-45-ஆ என்று ஜம்பரிலோ நிரலிலோ சொல்ல வேண்டும். 3காமின் ஈதர்லிங்க் 3 போன்ற கார்டுகளில் இது நிரலுக்குள் இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் ஆர்ஜே-45-க்கு மாற்றி வைத்திருந்தால் பிஎன்சி உயிரே இல்லாமல் கிடக்கும்.

ஜம்பர் இல்லாத ரியல்டெக் கார்டு என்றால் பிளக் அண்ட் ப்ளே முறையை அணைத்து நிலையான முறைக்கு மாற்றுங்கள். வெறும் டாஸில் அந்தக் கார்டை எழுப்ப ஆள் இல்லை.

அப்புறம் ஒரு சோதனை, இதைத் தாண்டாதீர்கள்: கேபிளையெல்லாம் எடுத்துவிட்டு, கார்டில் ஒரு டீயை மாட்டி அதன் இரு காதுகளிலும் டெர்மினேட்டரைப் போடுங்கள். அமைப்பு நிரலின் வெளிச் சுற்றுச் சோதனையை (அனுப்பியதைக் கார்டே திரும்பப் பெறுகிறதா என்று பார்ப்பது) ஓட்டுங்கள். தேறினால் கார்டு நல்லது. இனி வரும் பிழைக்குக் கார்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உள் சோதனை தேறி வெளிச் சோதனை மட்டும் தவறினால், முனைத் தேர்வு தப்பு அல்லது பிஎன்சிக்கான பகுதி செத்துவிட்டது.

7. பாக்கெட் டிரைவர்

டிரைவருக்கு மூன்று எண்கள் கொடுக்க வேண்டும்: மென்பொருள் இன்டரப்ட் (ஹெக்ஸ் 60), ஐஆர்க்யூ, முகவரி. கிரின்வர் என்ற பாக்கெட் டிரைவர் தொகுப்பின் டிரைவர்களில் ஒரு பொறி உண்டு. ஹெக்ஸ் எண் என்றால் முன்னால் ஒரு பூஜ்யமும் எக்ஸ் எழுத்தும் சேர்க்க வேண்டும். வெறும் 300 என்று எழுதினால் அதைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொண்டு வேறெங்கோ கார்டைத் தேடும். ஹெக்ஸ் 300 என்பது பதின்மத்தில் 768. ஐஆர்க்யூ 10-ஐ மாறாகப் பதின்மமாக, முன்னொட்டு இல்லாமல் எழுத வேண்டும். அதற்கும் முன்னொட்டைச் சேர்த்தால் 16 ஆகிவிடும், அப்படி ஓர் ஐஆர்க்யூவே இல்லை.

டிரைவர் ஏறியதும் கார்டின் ஆறு பைட் ஈதர்நெட் முகவரியைக் காட்டும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் தேவைப்படும். ஆறும் எஃப்எஃப் என்று வந்தால் அந்த முகவரியில் கார்டே இல்லை என்று பொருள். ஆறாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

8. ஐபி முகவரியும் முதல் பிங்கும்

ஐபி முகவரியைத் தானாகத் தரும் டிஎச்சிபி இருக்கிறதே என்று உடனே அதற்குப் போக வேண்டாம். அது தோற்றால் கேபிளா, ஐஆர்க்யூவா, ரவுட்டரா என்று தெரியாது. முதல்முறை கையால் எழுதுங்கள். லேப்டாப்பின் அந்தத் துளைக்கு 192.168.50.1, டாஸுக்கு 192.168.50.2, இரண்டிலும் 255.255.255.0. கேட்வே எழுத வேண்டாம். முப்பது வருடப் பழைய இயந்திரம் இணையத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

எம்டிசிபி தன் அமைப்பை ஓர் உரைக்கோப்பிலிருந்து படிக்கும். அந்தக் கோப்பு எங்கே என்பதை ஆட்டோஎக்ஸெக் கோப்பில் சூழல் மாறியாகச் சொல்ல வேண்டும். இன்டரப்ட் 60, முகவரி, மாஸ்க், கணினியின் பெயர் என்று நான்கே வரி. டாஸின் எடிட் நிரலில் தட்டச்சு செய்யுங்கள்.

இப்போது டாஸிலிருந்து லேப்டாப்புக்குப் பிங். எதிர்த்திசையில் தொடங்கியவர்கள் நிறையக் குழம்பியிருக்கிறார்கள். பாக்கெட் டிரைவர் மட்டும் ஏறியிருக்கும் டாஸ் கணினி பிங்குக்குப் பதில் சொல்லாது. டிசிபி/ஐபி ஒவ்வோர் எம்டிசிபி நிரலுக்குள்ளும் இருக்கிறது. நிரல் ஓடும்போது மட்டும்தான் அந்தக் கணினி விழித்திருக்கும். "கேபிள் போய்விட்டது" என்று ஒருவர் எல்லா முனையையும் வெட்டிப் புதிதாகப் போட்டதைப் பார்த்திருக்கிறேன், பாவம். கேபிள் முதல் நாளே சரியாகத்தான் இருந்தது.

டாஸிலிருந்து பிங் போகவில்லை என்றாலும் உடனே கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். லேப்டாப்பில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் நிரலைத் திறந்துவைத்து மறுபடி பிங் விடுங்கள். குறித்து வைத்த ஈதர்நெட் முகவரியிலிருந்து "192.168.50.1 யார்?" என்று ஏஆர்பி கேள்வி வருகிறதா?

வரவே இல்லை என்றால் டாஸ் கணினியிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை: கேபிள், முனைத் தேர்வு, ஹப் என்று பாருங்கள். கேள்வி வருகிறது, லேப்டாப் பதிலும் அனுப்புகிறது, டாஸ் மட்டும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் அது ஐஆர்க்யூ. அனுப்புவதற்கு ஐஆர்க்யூ சரியாக இல்லாவிட்டாலும் ஒப்பேற்றிவிடும். பாக்கெட் வந்திருக்கிறது என்று செயலியைத் தட்டி எழுப்ப அது கட்டாயம். ஏஆர்பி முடிந்து பிங் மட்டும் பதிலில்லாமல் நின்றால் ஃபயர்வால்.

9. கோப்புகளை அனுப்புவது

மைக்ரோசாஃப்டின் டாஸ் நெட்வொர்க் கிளையண்ட்டைப் போட்டு விண்டோஸ் பகிர்வுக் கோப்புறையைத் திறக்கலாம் என்று பலருக்கும் ஆசை வரும். வேண்டாம். அது பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. அதே ஆண்டு வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பழைய கணினிக்காக லேப்டாப்பின் கதவைத் திறந்து வைப்பது நியாயமான விலை இல்லை.

எஃப்டிபி போதும். டாஸ் கணினியையே சர்வராக்குங்கள், லேப்டாப் கிளையண்ட்டாக இருக்கட்டும். லேப்டாப்பில் சர்வர் வைத்தால் ஃபயர்வாலில் துளை போட வேண்டும். இன்றைய சர்வர் நிரல்கள் குறியாக்கம் கேட்டு அடம்பிடிக்கும், டாஸுக்கு அது தெரியாது. டாஸ் சர்வருக்குப் பயனர் பெயர், கடவுச்சொல், கோப்பகம், உரிமைகள் கொண்ட சிறு உரைக்கோப்பு ஒன்று எழுதினால் ஆயிற்று. கடவுச்சொல் கேபிளில் அப்படியே வெளிப்படையாகப் போகும், ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள்.

லேப்டாப்பில் ஃபைல்ஸில்லா போன்ற கிளையண்ட் வேண்டும். குரோமும் பயர்பாக்ஸும் 2021-இலேயே எஃப்டிபியைக் கழற்றிவிட்டன. விண்டோஸோடு வரும் கட்டளைவரி எஃப்டிபி உள்ளே நுழையும், பட்டியல் கேட்டதும் உறைந்து நிற்கும். அதற்குப் பாஸிவ் முறை தெரியாது, சர்வர் திரும்பி வந்து இணைக்கப் பார்க்கும்போது ஃபயர்வால் தடுக்கும். ஃபைல்ஸில்லாவில் சாதாரண எஃப்டிபி, பாஸிவ் முறை, ஒரே நேரத்தில் ஓர் இணைப்பு, பைனரி முறை என்று நான்கையும் அமைத்துக்கொள்ளுங்கள். உரை முறையில் போன நிரல் கோப்பில் வரிமுடிவுக் குறிகள் மாறி, திறக்கும்போது கணினி உறையும். கோப்புப் பெயர் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து. தமிழ்ப் பெயரும் இடைவெளியும் கூடாது.

முதலில் ஒரு சிறு ஜிப் கோப்பை உள்ளே அனுப்பி, மறுபடி வெளியே எடுத்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். சரியாக வந்ததும் புதிதாக எதையும் ஏற்றுவதற்கு முன் பழைய வட்டு முழுவதையும் லேப்டாப்புக்கு இழுத்துவிடுங்கள். அந்த வட்டு எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் உறுதி இல்லை. 386-இல் நொடிக்குச் சில நூறு கிலோபைட்தான் வரும். அக்கால வட்டின் அளவுக்கு அது தாராளம், சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

இடையில் ஒரு கணினியைக் கேபிளிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் டீயோடு சேர்த்துக் கார்டிலிருந்து கழற்றுங்கள். கேபிளை டீயிலிருந்து கழற்றினால் வரிசை இரண்டாக உடைந்து எல்லாருக்கும் நின்றுவிடும். வேலை முடிந்ததும் சர்வர் நிரலிலிருந்து வெளியே வந்து, டாஸ் வரி தெரிந்த பிறகு சில நொடி பொறுத்துப் பவரை அணையுங்கள். ஸ்மார்ட்டிரைவ் (வட்டில் எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடும் டாஸ் நிரல்) ஏறியிருந்தால் கடைசியாக வந்த கோப்பு அந்த நேரத்தில்தான் வட்டில் எழுதப்படும்.